மடிந்த உட்கருவை எப்படிப் படிப்பது?

காய்ச்சல் விடவில்லை என்று ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். 'டோட்டல் கவுன்ட்' 18,000 என்று ரிப்போர்ட் வருகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருப்பதுதான் இயல்பு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "ஏதோ தொற்று இருக்கிறது" என்று மருந்து எழுதுகிறார். பத்து நாளில் எண்ணிக்கை இறங்கிவிடுகிறது. இன்னொருவருக்கும் இதே 18,000 வருகிறது. அவருக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய். மூன்றாமவருக்கு வெறும் 3,000தான். அவருக்கும் ரத்தப் புற்றுநோய்தான். நோய் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே பெருகிக்கொண்டிருக்கிறது, ரத்தத்துக்கு இன்னும் அதிகம் வந்து சேரவில்லை.

எண்ணிக்கையை வைத்து இந்த மூவரையும் பிரிக்க முடியாது. பிறகு எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர் முதலில் தேடுவது செல்லின் உட்கருவை. அதன் அளவு, விளிம்பு, உள்ளே இருக்கும் பொருளின் அடர்த்தி ஆகியவற்றைப் பார்க்கிறார். ஒன்றரை நூற்றாண்டாக மருத்துவர்கள் செய்துவரும் வேலை இது. உட்கருவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கத் தொடங்கியதும், அதுவரை யாரும் எதிர்பார்க்காத வடிவங்கள் தெரிந்தன. மடிப்புகள், பைகள், பூவிதழ்கள், சின்னஞ்சிறு உருண்டைகள். அவை என்ன சொல்கின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இயல்பு என்பது எது?

கோணலை அறிய நேரானது தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பெரும்பான்மையானது நியூட்ரோஃபில். முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்து, மெல்லிய இழைகளால் இணைந்திருக்கும். லிம்போசைட்டின் உட்கரு அநேகமாக வட்டமானது; செல்லுக்குள் மிச்ச இடமே இல்லாதபடி நிறைந்திருக்கும். மோனோசைட்டின் உட்கரு அவரை விதை போல் வளைந்திருக்கும். ஆகவே, மடல் விட்ட உட்கரு என்றாலே நோய் என்று சொல்லிவிட முடியாது. நியூட்ரோஃபிலில் மடல் இருப்பது ஆரோக்கியம். அதே மடல் லிம்போசைட்டில் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

இந்த அணுக்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜையில் இளம் செல்களாகத் தொடங்கிப் படிப்படியாக முதிர்கின்றன. இளம் செல்லின் உட்கரு பெரியது. அதற்குள் இருக்கும் குரோமாட்டின், அதாவது டி.என்.ஏ.வும் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் புரதங்களும் சேர்ந்த பொருள், தளர்வாகப் பரவியிருக்கும். மனிதச் செல் ஒன்றின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அப்படிப் பத்து மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுள்ள உட்கருவுக்குள் அவ்வளவும் அடங்கியிருக்கிறது. செல் முதிர முதிர, அதற்கு இனித் தேவைப்படாத மரபணுப் பகுதிகள் இறுகிச் சுருங்கும். இப்படி இறுகிய பகுதிக்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்றும், வேலையில் இருக்கும் தளர்ந்த பகுதிக்கு யூகுரோமாட்டின் என்றும் பெயர்.

கடும் ரத்தப் புற்றுநோயில் நடப்பது முதிர்ச்சி நின்றுபோவது. செல்கள் இளம் நிலையிலேயே தங்கிப் பெருகிக்கொண்டே போகின்றன. இவற்றைத்தான் ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட்' என்று எழுதுகிறார்கள். பெரிய உட்கரு, இறுகாத குரோமாட்டின், எடுப்பாகத் தெரியும் உட்கருமணி என்று சாதாரண நுண்ணோக்கியிலேயே பிளாஸ்டை இனங்காண முடியும். புரதம் செய்யும் ரைபோசோம்கள் உருவாகும் இடம் உட்கருமணி. இடைவிடாமல் பெருகும் செல்லில் அது பெரிதாக இருப்பதில் வியப்பில்லை.

ஒளி எட்டாத இடம்

ஆனால் சாதாரண நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. 1873இல் ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே அதைக் கணக்கிட்டுக் காட்டினார். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி தூரத்துக்கும் நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளை, எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும் அந்த ஒளியால் பிரித்துக் காட்ட முடியாது. எனவே சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள விவரம் கலங்கிவிடும். உட்கருவைச் சுற்றியிருக்கும் இரட்டைச் சவ்வு, அதிலுள்ள துளைகள், குரோமாட்டின் இழைகள் எல்லாமே இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கின்றன.

எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு. ஒரு லட்சம் வோல்ட் அழுத்தத்தில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.004 நானோமீட்டருக்கும் குறைவு. காந்தப்புலத்தை லென்ஸாகப் பயன்படுத்தி எலக்ட்ரான் கற்றையைக் குவிக்கலாம் என்று 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நாலும் செய்து காட்டினார்கள். அந்தச் சாதனைக்காக ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல். ஒரு முழுச் செல்லின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லம் மூவரும் 1945இல் வெளியிட்டார்கள்.

அந்தக் கருவியில் ரத்தத்தை அப்படியே வைக்க முடியாது. உள்ளே வெற்றிடம், ஈரமான செல் ஒரு கணம்கூடத் தாங்காது. முதலில் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துச் செல்லின் புரதங்களை இருந்த இடத்திலேயே நிலைப்படுத்துகிறார்கள். பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடு. இது சவ்வுகளில் உள்ள கொழுப்பைப் பற்றிக்கொள்ளும். ஆல்கஹாலால் நீரை வெளியேற்றி, பிசினை ஊடுருவச் செய்து, அடுப்பில் வைத்து இறுக்குகிறார்கள். இறுகிய கட்டியை வைரக் கத்தியால் 60, 70 நானோமீட்டர் தடிமனில் சீவி, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலையில் ஏந்தி எடுக்கிறார்கள். கடைசியாக யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் உப்புக் கரைசல்களில் நனைக்கிறார்கள். கன உலோகம் ஒட்டிய இடங்களில் எலக்ட்ரான்கள் சிதறும். அந்த இடங்கள் படத்தில் கறுப்பாக விழும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கு நிறம் கிடையாது. பத்திரிகைகளில் நாம் பார்க்கும் வண்ணங்கள் பிறகு பூசியவை.

இத்தனை படிகளையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. கடைசியில் கிடைக்கும் படம் உயிருள்ள செல்லின் படம் அல்ல. பல வேதிப்பொருள்களைக் கடந்துவந்த ஒரு மெல்லிய சீவலின் படம். அதில் தெரியும் கோணல் நோயால் வந்ததா, நாம் கையாண்ட விதத்தால் வந்ததா என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

பைகளும் ஒரு ஜாங்கிரியும்

1960களில் ரத்தப் புற்றுநோய், அதாவது லுக்கேமியா, நோயாளிகளின் செல்களை இப்படிச் சீவிப் பார்த்தபோது, பல ஆய்வகங்களில் ஒரே வகை விநோதம் தென்பட்டது. உட்கருவின் விளிம்பிலிருந்து குரோமாட்டின் மெல்லிய பட்டையாக வெளியே நீண்டு, வளைந்து, மீண்டும் உட்கருவோடு சேர்கிறது. நடுவில், உட்கருவுக்கு வெளியே இருக்கும் செல்பொருளான சைட்டோபிளாசம் கொஞ்சம் சிறைப்பட்டிருக்கிறது. சேராமல் வெளியே துருத்தி நிற்பதை உட்கருக் கொப்புளம் என்றும், வளைந்து சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்வதை உட்கருப் பை என்றும் சொல்லலாம். பையின் சுவரிலுள்ள குரோமாட்டின் பட்டையின் தடிமன் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே: 30 முதல் 40 நானோமீட்டர். இவ்வளவு மெல்லிய பட்டையை ஒளி நுண்ணோக்கியில் பார்க்கவே முடியாது.

இதோடு சில செல்களில், முக்கிய உட்கருவை விட்டு விலகி, தனித்தனியாக உட்கருத் துண்டுகள் மிதப்பதுபோலவும் தெரிந்தது. உட்கரு உடைந்து சிதறிவிட்டதா? இங்கேதான் சீவலைப் படிக்கும் கலை வேண்டியிருக்கிறது.

ஒரு ஜாங்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிழிந்தவர் கையை எடுக்காமல் பிழிந்தது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சுருள். அதைக் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை மட்டும் ஒருவரிடம் காட்டினால், அவர் கண்ணுக்கு ஏழெட்டுத் தனித்தனி வட்டங்கள்தான் தெரியும். ஜாங்கிரியையே பார்த்திராதவர், இது பல சிறு உருண்டைகளின் குவியல் என்று அடித்துச் சொல்வார். கத்தியை ஒரு நூல் தள்ளி வைத்து வெட்டினால் இரண்டு வட்டங்கள் ஒட்டியிருக்கும். இன்னும் தள்ளினால் வேறு இரண்டு ஒட்டும். வரிசையாகப் பல வெட்டுகளைப் பார்த்து மனதில் கோத்தால்தான் அது ஒரே சுருள் என்பது விளங்கும்.

உட்கருவுக்கும் இதே கதிதான். பத்து மைக்ரான் செல்லை 70 நானோமீட்டர் சீவல்களாக்கினால் சுமார் 140 சீவல்கள் வரும். அதில் ஒன்றை மட்டும் பார்த்து 'உட்கரு உடைந்திருக்கிறது' என்று முடிவு செய்ய முடியாது. ஆய்வாளர்கள் அடுத்தடுத்த சீவல்களை ஒழுங்கு குலையாமல் எடுத்து, ஒவ்வொன்றாகப் படமெடுத்து, பொறுமையாக அடுக்கிப் பார்த்தார்கள். தனித் துண்டு என்று நினைத்தவற்றில் பல, வேறொரு தளத்தில் மெல்லிய கழுத்தால் முக்கிய உட்கருவோடு சேர்ந்திருந்தன. உட்கரு உடையவில்லை, ஆழமாக மடிந்திருந்தது.

கோணல் எங்கிருந்து வந்தது?

உட்கருப் பை லுக்கேமியாவின் தனி அடையாளம் என்ற நம்பிக்கையும் நெடுநாள் நிலைக்கவில்லை. அது குலைந்த விதத்தில் நமக்கு நல்ல பாடம் இருக்கிறது.

முதலில், புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் அவை கிடைத்தன. 1966இல் டோரோ, ஓலா என்ற ஹங்கேரிய ஆய்வாளர்கள் கினிப் பன்றியின் தைமஸ் சுரப்பிச் செல்களில் உட்கருக் கொப்புளங்களைக் கண்டார்கள். அடுத்து, சிகிச்சையே அவற்றை உண்டாக்குவது தெரிந்தது. டி.என்.ஏ. நகலெடுப்பைத் தடுக்கும் சைட்டோசின் அராபினோசைடு என்ற மருந்து கொடுத்த நோயாளிகளின் மஜ்ஜைச் செல்களில் உட்கருக் கொப்புளங்கள் உருவாவதை 1967இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். மருந்து தொடங்கும் முன் எடுத்த மாதிரியா, பின் எடுத்த மாதிரியா என்பது தெரியாமல் கொப்புளத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்றாகிவிட்டது.

மூன்றாவது எச்சரிக்கை ரத்தம் சேகரிக்கும் சோதனைக் குழாயிலிருந்தே வந்தது. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் போட்டிருக்கும் ஆக்சலேட், ஈ.டி.டி.ஏ. போன்ற பொருள்களில் ரத்தம் பல மணி நேரம் கிடந்தால், ஆரோக்கியமான லிம்போசைட்டின் வட்ட உட்கருவும் மடல் விடத் தொடங்கும். காலையில் எடுத்த ரத்தத்தை மாலையில் பார்ப்பவர் இல்லாத நோயைக் கண்டுவிடக்கூடும். அதனால்தான் ரத்தம் எடுத்த சில நிமிடங்களிலேயே நிலைப்படுத்த வேண்டும் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகங்கள் பிடிவாதமாக இருக்கின்றன.

இவ்வளவையும் கழித்த பின்னும் ஏதோ மிஞ்சியது. சிகிச்சை தொடங்காத, உடனே நிலைப்படுத்திய லுக்கேமியாச் செல்களிலும் பைகளும் கொப்புளங்களும் இருந்தன. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் அஹேர்னும் சக ஆய்வாளர்களும் ஒரே நோயாளியின் செல்களை இரண்டு வழியில் ஆராய்ந்தார்கள்: எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கொப்புளங்களைப் பார்ப்பது ஒன்று, குரோமோசோம்களை எண்ணுவது மற்றொன்று. கடும் லுக்கேமியாவில் உட்கருக் கொப்புளங்களுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 46இலிருந்து பிறழ்வதற்கும் தொடர்பு இருப்பதாக 1974இல் வெளியிட்டார்கள். கொப்புளம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே டி.என்.ஏ.வின் கணக்கு தப்பியிருக்கலாம் என்ற சமிக்ஞையை அது தந்தது. வடிவத்தை மட்டும் வைத்துப் பேசாமல், முற்றிலும் வேறான இன்னொரு அளவையோடு அதைச் சேர்த்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது.

மூளை மடிப்பும் பூவிதழும்

சில லுக்கேமியாக்களில் கோணல் ஓரத்தோடு நிற்பதில்லை, உட்கரு முழுவதுமே உருமாறிவிடுகிறது. பாரிஸில் ஆல்பர்ட் செசாரியும் ஈவ் பூவ்ரனும் 1938இல் ஒரு நோயை விவரித்தார்கள். உடல் முழுக்கத் தோல் சிவந்து உரிகிறது. தோலிலும் ரத்தத்திலும் விபரீதமான பெரிய செல்கள் தென்படுகின்றன. அந்தச் செல்கள் என்ன வகை என்பது பல ஆண்டுகள் விவாதமாகவே இருந்தது. 1968இல் லட்ஸ்னரும் ஜோர்டனும் அவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உட்கருவில் ஆழமான குறுகிய பிளவுகள் எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி ஓடின. மூளையின் மேற்பரப்பை நினைவூட்டியதால் மூளைவடிவ உட்கரு என்று அதைக் குறிப்பிடலானார்கள். செசாரி செல் என்பது டி லிம்போசைட் வகையைச் சேர்ந்தது என்பது பிறகு உறுதியானது.

இங்கும் அதே தொல்லை வந்தது. சாதாரணத் தோல் அழற்சியிலும், மிகச் சிறு எண்ணிக்கையில் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் கொஞ்சம் மடிந்த லிம்போசைட்டுகள் உண்டு. எவ்வளவு மடிந்தால் நோய்? ஒருவர் கண்ணுக்கு 'அதிக மடிப்பு' என்று படுவது இன்னொருவர் கண்ணுக்கு 'சுமார்' என்று படலாம். அதனால் அளக்கத் தொடங்கினார்கள். ஒரே பரப்பளவுள்ள வடிவங்களில் வட்டத்துக்குத்தான் சுற்றளவு மிகக் குறைவு. மடிப்பு கூடக்கூட, அதே பரப்புக்குச் சுற்றளவு நீளும். படத்தில் உட்கருவின் விளிம்பை வரைந்து, சுற்றளவைப் பரப்போடு ஒப்பிட்டு ஓர் எண்ணாக்கினால், சரியான வட்டத்துக்குச் சுமார் 3.5 வரும், மடிந்த உட்கருக்களுக்கு அது ஏறிக்கொண்டே போகும். உட்கரு விளிம்பெண் எனலாம். ஒரே ஒரு செல்லைப் பார்க்காமல், பல செல்களை அளந்து எண்களின் பரவலைப் பார்க்க வேண்டும். கண்ணின் அபிப்பிராயம் இப்படித்தான் சரிபார்க்கத்தக்க சான்றாக மாறியது.

1977இல் ஜப்பானில் தகாட்சுகி, உச்சியாமா குழுவினர் பெரியவர்களுக்கு வரும் ஒரு டி செல் லுக்கேமியாவை விவரித்தார்கள். நோயாளிகளில் பலர் தென்மேற்கு ஜப்பானில், குறிப்பாகக் கியூஷு தீவில் பிறந்தவர்கள். ரத்தத்திலிருந்த லிம்போசைட்டுகளின் உட்கரு இதழ் இதழாக விரிந்திருந்தது. இன்றும் பூச்செல் என்றே அதற்குப் பெயர். ஒரு நிலப்பகுதியோடு இவ்வளவு ஒட்டிய நோய் என்றால் தொற்றும் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகம் மனித லிம்போசைட்டிலிருந்து எச்.டி.எல்.வி. என்ற வைரஸைப் பிரித்தெடுத்தது. 1981இல் ஹினுமா, மியோஷி ஆகியோரின் பணி ஜப்பானிய நோயாளிகளின் நோய்க்கும் அதே குடும்பத்து வைரஸ்தான் காரணம் என்பதற்கு வழிகாட்டியது. மனிதனுக்குப் புற்றுநோய் தரும் ரெட்ரோவைரஸ் ஒன்று அறியப்பட்டது அதுவே முதல் முறை. நோயாளியிடமிருந்து எடுத்த செல்லில் நேரடியாகத் தேடினால் வைரஸ் துகள் பெரும்பாலும் கண்ணில் படாது. செல்களை ஆய்வகத்தில் வளர்த்த பிறகே, சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தன.

உருவத்தைத் தாங்குவது எது?

உட்கரு ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டால்தான், ஏன் கோணுகிறது என்பதற்கு விடை கிடைக்கும். உட்கருவின் இரட்டைச் சவ்வுக்கு உட்புறமாக லாமின் என்ற புரதங்களால் ஆன மெல்லிய வலைப்பின்னல் படிந்திருக்கிறது. இதை உட்கருச் சட்டகம் என்போம். இந்தச் சட்டகம் சவ்வைத் தாங்குகிறது. குரோமாட்டினையும் தன்னோடு பிணைத்து வைக்கிறது. வெளியிலிருந்து செல்லின் நுண்குழல்களும் இழைகளும் உட்கருவைத் தள்ளியும் இழுத்தும் கொண்டிருக்கின்றன. உள்ளிருந்து தாங்கும் வலுவுக்கும் வெளியிலிருந்து வரும் விசைக்கும் இடையிலான சமநிலைதான் நாம் பார்க்கும் உருவம்.

நியூட்ரோஃபில் முதிரும்போது லாமின் ஏ வகைப் புரதம் குறைந்து உட்கரு நெகிழ்கிறது. லாமின் பி ஏற்பி என்ற வேறொரு புரதம் பெருகுகிறது. ரத்தக் குழாயின் சுவரிலுள்ள குறுகிய இடைவெளிகளில் நுழைந்து வெளியேற வேண்டிய செல்லுக்கு இந்த நெகிழ்ச்சி அவசியம். இந்த ஏற்பி எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அரிய பரம்பரைக் குறைபாடு காட்டிக் கொடுத்தது. பெல்கர், ஹியூட் என்ற டச்சு மருத்துவர்களின் பெயரால் அழைக்கப்படும் அந்தக் குறைபாட்டில் நியூட்ரோஃபிலின் உட்கரு இரண்டு மடல்களோடு நின்றுவிடும். லாமின் பி ஏற்பியின் மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்று 2002இல் தெரியவந்தது. சில லுக்கேமியாக்களிலும், அதற்கு முந்தைய மஜ்ஜைக் கோளாறுகளிலும், பிறவியில் இல்லாத இதே இருமடல் உட்கரு பிற்காலத்தில் தோன்றுகிறது. பூச்செல்லில் நிலைமை வேறு. அங்கே செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதிப் பாதை அளவுமீறித் தூண்டப்பட்டிருப்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உட்கருவின் இதழ் வடிவோடு தொடர்புபடுத்தினார்கள். கோணல் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றே என்று எண்ணக்கூடாது.

முப்பது ஆண்டு காத்திருந்த உருண்டை

உட்கருவின் உருவம் எப்படி மருத்துவத்தையே மாற்றியது என்பதற்கு அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியாவை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1957இல் நார்வேயின் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக விவரித்தார். கட்டுக்கடங்காத ரத்தக்கசிவால் நோயாளிகள் சில வாரங்களில் இறந்தார்கள். இந்நோயின் செல்களில் துகள்கள் அப்பியிருக்கும் என்பது அடையாளம். ஆனால் சிலரிடம் துகள்களே தெரியவில்லை. உட்கரு மட்டும் இரண்டாக மடிந்திருந்தது. பார்ப்பதற்கு மோனோசைட் வகை லுக்கேமியா போல இருந்தது. 1980இல் சிகாகோவில் கோலம்ப், ஜேனட் ரௌலி ஆகியோரின் குழு இந்தச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. துகள்கள் இருக்கத்தான் செய்தன. ஒளி நுண்ணோக்கியின் எல்லைக்குக் கீழான சிறு துகள்கள். 15ஆம் 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது இந்நோயின் முத்திரை என்று ரௌலி 1977இலேயே காட்டியிருந்தார். துகள் தெரியாத இந்த நோயாளிகளிடமும் அதே இடமாற்றம் இருந்தது. உட்கருவின் மடிப்பும் நுண்துகளும் குரோமோசோமும் ஒரே விடையைச் சொன்னதால், தோற்றத்தில் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே நோய் என்பது நிலைபெற்றது.

அடுத்த கட்டம் உட்கருவுக்கு உள்ளே. 1960இல் பிரான்ஸில் கி த தேயும் சக ஆய்வாளர்களும் முயலின் கட்டிச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உட்கருவுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதைக் குறித்து வைத்தார்கள். உட்கருத் திரள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவு. நடுவில் வெளிறி, ஓரம் அடர்ந்திருந்தன. அவை எதற்கு என்று முப்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

1990இலும் 1991இலும் விடையின் ஒரு முனை கிடைத்தது. குரோமோசோம்கள் ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைந்து, பி.எம்.எல். என்ற புரதமும் ரெட்டினாயிக் அமில ஏற்பியும் ஒன்றாக ஒட்டிய கலப்புப் புரதம் உருவாகிறது. பி.எம்.எல். புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளில் நுண்ணிய தங்கத் துகளைக் கட்டி அனுப்பி, தங்கம் எங்கே சேர்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினார்கள். அது அந்தப் பழைய உருண்டைகளின் மேல் போய் அமர்ந்தது. இயல்பான உட்கருவில் இவை ஐந்து முதல் முப்பது வரை இருக்கும். லுக்கேமியாச் செல்லில் அவை குலைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நுண்புள்ளிகளாகச் சிதறியிருந்தன. 1994இல் மூன்று குழுக்கள் தனித்தனியே இதை வெளியிட்டன. ரெட்டினாயிக் அமிலம் சேர்த்தபோது திரள்கள் மீண்டும் கூடின.

அந்த ரெட்டினாயிக் அமிலம் வைட்டமின் ஏ வழிவந்த பொருள். அது ஏற்கெனவே ஷாங்காயில் நோயாளிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வாங் சென்யியின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில் 24 நோயாளிகள். அனைவருக்கும் நோய் முழுமையாகத் தணிந்தது. ஒருவருக்கு மட்டும் குறைந்த அளவில் வேதி மருந்தும் தேவைப்பட்டது. செல்களைக் கொல்லாமல், நின்றுபோன முதிர்ச்சியை மருந்து மீண்டும் தொடங்கிவைத்தது. ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களிலிருந்து பயன்படுத்திவந்த ஆர்சனிக் சேர்மம், கலப்புப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியைப் பற்றிச் சிதைப்பது பிறகு தெரிந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்து 2013இல் வெளியான இத்தாலி, ஜெர்மனி ஆய்வில், அதிக அபாயம் இல்லாத வகை நோயாளிகளில் 97 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளை நோய் திரும்பாமல், சிகிச்சை தோற்காமல் கடந்தார்கள். வழக்கமான கீமோதெரபி இல்லாமலேயே இது சாத்தியமாயிற்று. மிக விரைவில் கொல்லும் லுக்கேமியாவாக இருந்தது, மிக நன்றாகக் குணமாகும் லுக்கேமியாக்களில் ஒன்றாக மாறியது.

இன்று இதற்கு என்ன இடம்?

இப்போது லுக்கேமியாவின் வகையைத் தீர்மானிக்க எலக்ட்ரான் நுண்ணோக்கி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. செல்லின் மேற்பரப்புப் புரதங்களைச் சில மணி நேரத்தில் கணக்கெடுக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் மரபணுப் பரிசோதனைகளும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. அவை வேகமானவை, பல்லாயிரம் செல்களை ஒரே நேரத்தில் ஆராய்கின்றன. இந்த மாற்றம் நல்லதே.

ஆனால் ஆராய்ச்சியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி புதிய வேகம் பெற்றிருக்கிறது. 2004இல் வின்ஃப்ரீட் டெங்க், ஹைன்ட்ஸ் ஹோர்ஸ்ட்மன் இருவரும் நுண்ணோக்கிக்கு உள்ளேயே வைரக் கத்தியைப் பொருத்தினார்கள். கருவி ஒரு முறை சீவும், வெட்டுமுகத்தைப் படமெடுக்கும், மறுபடி சீவும். நூற்றுக்கணக்கான வெட்டுமுகங்களைக் கணினி கோத்து, உட்கரு முழுவதையும் முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. தனித் துண்டா, ஒரே சுருளா என்ற பழைய சந்தேகத்துக்கு இனி ஊகம் வேண்டாம். மடிப்பு எழும்போது சட்டகத்தோடு பிணைந்திருந்த குரோமாட்டின் இடம் மாறுகிறதா, அதனால் மரபணுக்களின் வேலையும் மாறுகிறதா என்பது இன்று ஆய்வாளர்கள் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

உட்கருவின் உருவத்தை நோயின் பெயர்ப்பலகையாக எடுத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் மருத்துவம் தடுக்கி விழுந்திருக்கிறது. அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, குரோமோசோம், புரதம், அளவெண் என்று வேறொரு சாட்சியையும் தேடிப் போனபோதெல்லாம் முன்னேறியிருக்கிறது. அதற்காக, மற்ற சாட்சிகள் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்றும் ஆகாது. புரோமைலோசைட்டிக் லுக்கேமியாவில் முதல் சில நாட்களின் ரத்தக்கசிவுதான் உயிரைப் பறிக்கிறது. ஆகவே கண்ணாடித் தகட்டில் இழுத்த ரத்தத்தில் துகள் அப்பிய செல்லோ இரண்டாக மடிந்த உட்கருவோ தென்பட்டு ஐயம் எழுந்தால், மரபணு ரிப்போர்ட் கைக்கு வரும் முன்னரே, அன்றே ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று இன்றைய சிகிச்சை நெறிகள் சொல்கின்றன. ஐயம் தவறு என்று மறுநாள் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடலாம். சரியாக இருந்து தாமதித்திருந்தால் ஈடுசெய்ய வழியில்லை. உட்கருவைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ரத்த ஆய்வகத்திலும் இருக்க வேண்டியது இதற்காகத்தான்.